கலப்பு: பெஞ்சிலும் பந்தியிலும்

ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒரே பள்ளியில் தங்கிப் படித்தால் அது முற்போக்கு என்பது நம் பொதுப்புத்தி. இங்கிலாந்தின் பீடேல்ஸ் பள்ளி இதற்கு வழக்கமான உதாரணம். ஜே.எச். பாட்லி 1893இல் பையன்களுக்காகத் தொடங்கிய இந்த உறைவிடப் பள்ளி 1898இல் பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பழைய பப்ளிக் ஸ்கூல்களின் முரட்டுத்தனத்துக்கு ஒரு மாற்று என்ற கனவு அதற்கு இருந்தது.

ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1847இல், சிம்லா மலைப்பகுதியின் சனாவரில் ஹென்றி லாரன்ஸ் தொடங்கிய காப்பகத்தில் இருபாலரும் சேர்க்கப்பட்டுவிட்டார்கள். எல்லோரும் வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகள். அவர் பெயரிலேயே 1858இல் ஊட்டியில் இன்னொன்று வந்தது. இன்றைய லவ்டேல் பள்ளி அதுதான்.

அப்படின்னா காலனிய ராணுவம் பாட்லியைவிட முற்போக்கா? இல்லை. சமவெளியின் வெயிலிலிருந்தும் பட்டாள லயன்களின் சூழலிலிருந்தும் பிள்ளைகளைப் பிரித்து மலையேற்றுவதே நோக்கம். சனாவர் விதிகள் கலப்பற்ற ஐரோப்பியப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தந்தன. அவர்களைத்தான் வெயில் அதிகம் பாதிக்குமாம்! இனவாதம் இங்கே சீதோஷ்ணத்தின் மொழியில் பேசுகிறது. பால் கலப்பு அனுமதிக்கப்பட்ட அதே வளாகத்தின் வாசலில் ரத்தக் கலப்பு கணக்குப் பார்க்கப்பட்டது. ஒரு வேலியை எடுத்தவர்கள் இன்னொரு வேலியை இறுக்கிக் கட்டினார்கள்.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலம் தேசியக் கல்வி என்ற பெயரில் பொதுப்பணம் பெற்றது. காங்கிரசும் நிதி கொடுத்தது. அங்கே பிராமணப் பையன்கள் இருவர் தனியே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி பாடத்திட்டத்தைப் பற்றியதல்ல, பந்தியைப் பற்றியது. ஒன்றாகப் படிக்கலாம், ஒன்றாகச் சாப்பிடக் கூடாது என்றால் அது என்ன தேசியம்?

உறைவிடப் பள்ளியை வாசிக்க இதுவே சரியான இடம். பகல்பள்ளியில் சாதி மணியடித்ததும் வீட்டுக்குப் போய்விடும். விடுதியில் அது சாப்பிட்டாக வேண்டும், தூங்கியாக வேண்டும், குளித்தாக வேண்டும். மறைக்க முடியாது.

1949இல் லவ்டேல் இந்திய அரசின் கல்வி அமைச்சகத்திடம் வந்தது, இனக்கணக்கு முடிந்தது. இன்று உறைவிடப் பள்ளிகளின் வாசலில் பெரும்பாலும் கட்டணம் நிற்கிறது. 'இருபாலர் பள்ளி' என்ற பலகையைப் பார்த்து மகிழ்வது இருக்கட்டும். உள்ளே யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அந்தப் பந்திக்கே வரமுடியாமல் போனவர்கள் யார் என்று கேட்போம்.