சபுராளி ஆட்டக்காரர்கள்: கூடைப்பந்தை நம்பிப் பிழைக்க முடியுமா?

எங்க மீமிசல் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில், வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போகிறவரை 'சபுராளி' என்பார்கள். சபர் என்றால் பயணம். விசா இருக்கும்வரை ஒரு நாடு, முடிஞ்சா இன்னொரு நாடு. அமெரிக்கக் கூடைப்பந்தில் 'ஜர்னிமேன்' என்று ஒரு சொல்லைப் பார்த்தபோது எனக்கு இந்தச் சபுராளிதான் ஞாபகத்துக்கு வந்தார். ஜர்னிமேன் நட்சத்திரம் கிடையாது. ஆனால் தொழில் தெரிந்தவர். எந்த அணியில் ஆள் குறைகிறதோ அங்கே போய் நின்று வேலை பார்ப்பவர்.

இதற்கு உச்சமான உதாரணம் இஷ் ஸ்மித். உயரம் 6 அடிதான். 2010-ல் என்.பி.ஏ. டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. ஹூஸ்டனில் ஆரம்பித்து டென்வர் வரைக்கும் 13 அணிகளில் ஆடினார். என்.பி.ஏ.வில் மொத்தமே 30 அணிகள்தான். இத்தனை அணிகளுக்கு வேறு யாரும் ஆடியதில்லை. 2023-ல் டென்வர் கோப்பையை வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, அலைச்சலுக்குள்ளும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பது. ஒரு அணி இன்னொரு அணிக்கு ஆட்டக்காரரை மாற்றிவிட்டால், ஒப்பந்தமும் சம்பளமும் அவர் கூடவே போகும். சீசன் நடுவில் 10 நாள் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. ஒரே அணி அதை ரெண்டு தடவைதான் கொடுக்கலாம். அதுக்கு மேல வேணும்னா சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ளணும், இல்லாட்டி விட்டுடணும். மூணு சீசன் கணக்கு சேர்ந்துவிட்டால் ஓய்வூதிய உரிமையும் வந்துவிடும். ஆக, ஊர் மாறினாலும் பிழைப்பு அறுந்துபோகாது.

இப்போ நம்ம நாட்டு ஆளைப் பார்ப்போம். சத்னாம் சிங், பஞ்சாபில் பர்னாலா மாவட்டத்து பல்லோ கே கிராமம், விவசாயக் குடும்பம். உயரம் 7 அடி 2 அங்குலம். 14 வயதில், 2010-ல், உதவித்தொகையோடு ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமிக்குப் போனார். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52-ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராஃப்ட் ஆன முதல் ஆள். நாடே கொண்டாடியது.

ஆனால் 52 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். டிராஃப்டில் முதல் சுற்றில் எடுக்கப்படும் 30 பேருக்குத்தான் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்று ஆட்களுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. சத்னாம் கீழ்நிலை லீக்கான டி-லீக்கில், டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணிக்கு ரெண்டு சீசன் ஆடினார். அந்தக் காலத்தில் என்.பி.ஏ.வின் குறைந்தபட்சச் சம்பளமே வருஷத்துக்கு 5 லட்சம் டாலருக்கு மேல். டி-லீக்கில் அதிகபட்சமே ஏறத்தாழ 26,000 டாலர்தான். ரெண்டுக்கும் நடுவில் ஒரு வாசல்படிதான், ஆனால் எவ்வளவு உயரம் பாருங்க. அந்தப் படியை அவர் தாண்டவே இல்லை. என்.பி.ஏ.வில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

பிறகு கனடாவில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி. 2019-ல் ஊக்கமருந்துச் சோதனையில் ஹிகெனமைன் என்ற பொருள் தெரியவந்து, ரெண்டு வருஷத் தடை. தடைக்காலம் முடிவதற்குள், 2021-ல், அமெரிக்க மல்யுத்த நிறுவனமான ஏ.இ.டபிள்யூ.வில் சேர்ந்துவிட்டார். 26 வயதுகூட ஆகவில்லை, வேறு தொழில்.

அவர் மட்டும் இல்லை. அம்ஜோத் சிங் ஜப்பானில் டோக்கியோ எக்ஸலன்ஸ் அணிக்கு ஆடிவிட்டு, 2017-ல் அமெரிக்கக் கீழ்நிலை லீக்கில் ஒக்லஹோமா சிட்டி ப்ளூவுக்குப் போனார். அம்ரித்பால் சிங் அதே டோக்கியோ அணியிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸுக்குப் போனார். இவர்களும் சபுராளிகள்தான். ஆனால் திரும்பி வந்தால் ஆடுவதற்கு ஊரில் நிலையான லீக் இல்லை. சென்னை ஸ்லாம் உள்ளிட்ட அணிகளோடு 2015-ல் தொடங்கிய யு.பி.ஏ. லீக் 2017-க்குப் பிறகு நடக்கவில்லை.

அப்போ தமிழ்நாட்டில் நல்ல ஆட்டக்காரர் எப்படித்தான் பிழைக்கிறார்? வேலைதான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, வருமானவரித் துறை என்று அணிகள் இருக்கின்றன. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து, அந்த நிறுவனத்துக்கே பெரும்பாலும் கடைசிவரை ஆடுவார். ஏலமும் கிடையாது, அணி மாற்றமும் கிடையாது. முழங்கால் போனாலும் மாதச் சம்பளம் வரும். இஷ் ஸ்மித்துக்கு 13 சட்டை. நம்மாளுக்கு ஒரே சட்டை, பின்னாடி ஓய்வுக்காலம்.

எங்க தெருக்காரர் ஒருத்தர், பையன் பத்தாவது படிக்கிறான், "காக்கா, இவன் ஒசரத்துக்கு பாஸ்கெட்பால்ல சேத்துவுடலாமா, இதுல சோறு கெடைக்குமா?" என்று கேட்டார். அவரும் பாதி வாழ்க்கையைச் சபரில் கழித்தவர். அதனால் அவருக்குப் புரியும் கணக்கில் சொன்னேன்: உயரம் என்பது பாஸ்போர்ட் மாதிரி, விசா இல்லை. மாநில, தேசிய அளவில் ஆடிய சான்றிதழ்தான் விசா. ஒதுக்கீட்டு வேலைக்கு அதைத்தான் கேட்பார்கள், படிப்பையும் சேர்த்தே கேட்பார்கள். அதனால் பள்ளிக்கூடத்தை விடாமல் ஆடட்டும்.

கபடியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். புரோ கபடி 2014-ல் 8 அணிகளோடு தொடங்கியது, இப்போது 12. ஒரு அணி விட்டால் ஏலத்தில் இன்னொரு அணி எடுக்கும். அதனால் இந்தியாவுக்குள்ளேயே ஜர்னிமேன் கபடி வீரர்கள் உருவாகிவிட்டார்கள். அவர்களுக்கு இருப்பது சத்னாமைவிடப் பெரிய திறமை என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு இறங்க அடுத்த துறைமுகம் இருந்தது, சத்னாமுக்கு இல்லை. ஒரு பையனை நாடு முழுக்கக் கொண்டாடுவது ஒரு நாள் வேலை. அவன் தோற்றுத் திரும்பி வந்தாலும் ஆடுவதற்கு ஒரு லீக் இருக்கும்படி செய்வதுதான் பல வருஷ வேலை.