தாய்மைக்கான சத்து வகுப்பறையில் தொடங்கட்டும்

கருவுற்ற பிறகு சத்துணவைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. திருப்பூரில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு அது காலம் கடந்த யோசனையாகப் படுகிறது. இங்கே பள்ளிப் படிப்பை முடித்த மாணவியரில் பலர் பனியன் கம்பெனியில் செக்கிங், கைமடிப்பு வேலைக்குச் செல்கிறார்கள். சில ஆண்டுகளில் தாயாகிறார்கள். உடலில் இரும்பைச் சேமித்துவைக்க வேண்டிய வயதில் அவர்கள் நம் வகுப்பறையில்தான் இருக்கிறார்கள்.

அளவு சிறிது, தேவை பெரிது

கர்ப்பகாலம் முழுவதற்கும் தேவைப்படும் இரும்பு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். தாயின் உடலில் கூடும் இரத்தம், குழந்தை, நஞ்சுக்கொடி ஆகிய மூன்றுக்கும் அது வேண்டும். உணவிலுள்ள இரும்பில் சிறு பகுதியையே குடல் உறிஞ்சும். எனவே, சேமிப்பு இல்லாத உடல் ஒன்பது மாதங்களில் இதை உணவால் மட்டும் ஈட்டுவது கடினம்.

ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு இரத்தசோகை என்று பொருள். பிரசவ இரத்தப்போக்கைத் தாங்கும் வலு குறையும். குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது.

அயோடின் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் போதும். ஆனால் முதல் மாதங்களில் கரு, தைராய்டு ஹார்மோனுக்குத் தாயையே நம்பியிருக்கிறது. அது குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். செல்கள் பிரிந்து வளரத் துத்தநாகம் தேவை.

டீயும் மாத்திரையும்

கம்பெனியில் காலையும் மாலையும் டீ இடைவேளை உண்டு. ஒன்றரை ஷிப்ட் என்றால் பசியைத் தள்ளிப்போடுவதும் டீதான். டீயிலுள்ள டானின் இரும்பு உறிஞ்சப்படுவதை வெகுவாகக் குறைக்கும். உணவுக்கும் இரும்பு மாத்திரைக்கும் முன்பின் ஒரு மணி நேரமாவது டீயைத் தவிர்க்க வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் வெவ்வேறு வேளையில் விழுங்க வேண்டும்.

கம்பு, கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரை எல்லாம் நம் ஊர் உணவே. அவற்றோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏதேனும் ஒன்று சேர்ந்தால் இரும்பு எளிதில் உடலில் சேரும். பயறை முளைகட்டினால் துத்தநாகமும் கூடுதலாகக் கிடைக்கும்.

நாம் செய்யக்கூடியவை

* வாரந்தோறும் தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. மதிய உணவுக்குப் பின் நம் முன்னிலையிலேயே விழுங்கச் செய்வோம். மலம் கறுத்துப்போவது இயல்பு என்று முன்பே சொல்லிவிட்டால், பயந்து தூக்கியெறிய மாட்டார்கள்.
* ஊட்டச்சத்துப் பாடம் நடத்தும்போது, வீட்டில் யார் எப்போது டீ குடிக்கிறார்கள், எப்போது சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துவரச் சொல்லலாம்.
* பெற்றோர் கூட்டத்துக்குச் சுகாதாரச் செவிலியரை அழைக்கலாம். கர்ப்பிணிகளுக்கான 180 நாள் சிவப்பு மாத்திரை, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகம் பற்றி அவர் விளக்குவார். பீகார், ஒடிசா பெற்றோருக்கு அவர்களின் பிள்ளைகளே மொழிபெயர்ப்பார்கள்.

யாருக்கு எவ்வளவு மருந்து என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அது ஏன் தேவை என்று புரியவைப்பது நம் பணி. காரணம் புரிந்த மாணவி, பள்ளியை விட்டுச் சென்ற பிறகும் அதைக் கைவிட மாட்டாள்.