செனட்டர் அஸீஸ் எந்தப் பக்கம் நின்றார்? கண்டியிலிருந்து ஒரு வாசிப்பு

தேர்தல் காலம் வந்துவிட்டால் அக்குறணை முதல் கம்பளை வரை நம் ஊர்ச் சுவர்களில் ஒரே மாதிரியான பட்டியல்களைத்தான் காண்கிறோம். இத்தனை கிலோமீற்றர் காபட் வீதி, இத்தனை பேருக்கு அரச நியமனம், இன்ன பாடசாலைக்குக் கட்டடம், இன்ன பள்ளிவாசலுக்கு மதில். இவையெல்லாம் தேவையானவைதான். ஆனால் ஒரு மக்கள் பிரதிநிதியின் முதல் வேலை சட்டம் ஆக்குவது. எந்தச் சட்டமூலத்துக்குக் கை உயர்த்தினார், எதை எதிர்த்தார், எந்த விவாதத்தின்போது சபையை விட்டு எழுந்து போனார் என்பதை எந்தச் சுவரிலும் நான் கண்டதில்லை. நாமும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை ஒரு பழைய மனிதரை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1952 முதல் 1963 வரை இலங்கையின் செனட் சபையில் உறுப்பினராக இருந்தார். இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம், கொழும்பு ஸாஹிராவின் அதிபர், வை.எம்.எம்.ஏ. இயக்கத்தின் தொடக்ககர்த்தா என்றெல்லாம் அவரை நினைவுகூர்கிறோம். நினைவுக் கூட்டங்களில் 'செனட்டர்' என்ற பட்டத்தையும் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொள்கிறோம். அந்தப் பதவியில் அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

இளைய வாசகர்களுக்காக செனட் பற்றிக் கொஞ்சம். சோல்பரி அரசியலமைப்பின்படி 1947இல் நமக்கு இரண்டு சபைகள் கிடைத்தன. மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்தது பிரதிநிதிகள் சபை. அதற்கு மேலே 30 பேர் கொண்ட செனட். அந்த 30 பேரில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது. மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். ஆறு வருடப் பதவிக்காலம், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவர். நிதிச் சட்டமூலங்களை ஒரு மாதத்துக்கு மேல் தடுத்து வைக்க செனட்டால் முடியாது. ஏனையவற்றையும் தாமதப்படுத்தலாமே தவிர நிரந்தரமாக நிறுத்திவிட முடியாது. 1971 ஒக்டோபரில் அந்தச் சபையே ஒழிக்கப்பட்டது.

ஆகவே ஒரு செனட்டரை "எத்தனை சட்டம் கொண்டுவந்தார்" என்று அளந்தால் ஏறக்குறைய எல்லோருமே தோற்றுவிடுவார்கள். அங்கே உட்கார்ந்தவரின் கையில் இருந்தவை மூன்றுதான்: ஒரு வாக்கு, ஒரு பேச்சு, அந்தப் பேச்சைப் பதிவு செய்யும் ஹன்ஸாட்.

அஸீஸின் பதினொரு வருடங்களில் அந்தச் சபையைக் கடந்து சென்ற சட்டங்கள் பல. பள்ளிவாசல்களைப் பதிவு செய்வதற்கும் நம்பிக்கையாளர்களை நியமிப்பதற்கும் இன்றுவரை அடிப்படையாக இருக்கும் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் அவற்றில் ஒன்று. ஆனால் அவரை எடைபோடுவதற்கு அதே 1956இல் வந்த இன்னொரு சட்டம்தான் சரியான தராசு. அதுதான் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம். 'சிங்களம் மட்டும்' என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

அஸீஸ் அப்போது ஐக்கிய தேசியக் கட்சிக்காரர். அதுவரை சிங்களமும் தமிழும் என்று சொல்லிவந்த அக்கட்சி, தேர்தலை முன்னிட்டு 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் தானும் சிங்களம் மட்டும் என்றது. பெரிய கட்சிகள் இரண்டும் ஒரே கோஷத்துக்கு வந்துவிட்டன. அந்த வருடம் அஸீஸ் கட்சியை விட்டு விலகினார். தேர்தலில் பண்டாரநாயக்க வென்றார், சட்டமூலம் ஜூன் மாதம் பிரதிநிதிகள் சபையில் 56க்கு 29 என்ற வாக்குகளில் நிறைவேறி, ஜூலையில் செனட்டுக்கு வந்தது. அங்கே அஸீஸ் அதை எதிர்த்துப் பேசினார். சட்டமூலம் நிறைவேறும் என்பது அவருக்கும் தெரியும், சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கண்டி மாவட்டத்தில் வாழும் நமக்கு இது வெறும் பழங்கதை அல்ல.

மொழி விடயத்தில் அன்று முஸ்லிம் தலைவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. சேர் ராசிக் பரீத் சிங்களத்தை அரசகரும மொழியாக்குவதை வெளிப்படையாக ஆதரித்தார். அதற்காக அவரைச் சமூக துரோகி போலச் சித்திரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் சிங்கள ஊர்களுக்கு நடுவே கடை வைத்தும் விவசாயம் செய்தும் வாழ்பவர்கள். 1915இல் கலவரம் எங்கே தொடங்கியது? கம்பளைப் பெரஹரா தகராறில் புகைந்து, வெசாக் இரவில் கண்டி நகரில் வெடித்தது. அந்த நினைவோடு வளர்ந்த தலைமுறைக்கு, பெரும்பான்மையின் மொழிக்கு எதிராக நிற்பது எவ்வளவு ஆபத்தாகத் தோன்றியிருக்கும்! 2018 மார்ச்சில் திகன, தென்னக்கும்புர, அக்குறணை பார்த்த நமக்கு அந்த அச்சத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அஸீஸுக்கும் இந்தக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் 1941இலேயே, தமிழே முஸ்லிம்களின் தாய்மொழி, அதுவே கல்வி மொழியாக இருக்க வேண்டும் என்று எழுதியவர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர் வேறு எப்படிச் சொல்வார் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. கண்டியில் பிறந்த சித்திலெப்பை மரைக்கார் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியது எந்த மொழியில்? 'அஸன்பே சரித்திரம்' எழுதியது எந்த மொழியில்? சிங்கள மலைநாட்டின் தலைநகரில் இருந்துகொண்டு அவர் தமிழிலும் அரபுத் தமிழிலும்தான் சமூகத்தை எழுப்பினார். பள்ளிவாசல் பயானும் மார்க்கக் கல்வியும் வீட்டுப் பேச்சும் ஒரே மொழியில் இருந்தால்தான் பிள்ளைக்கு அறிவு இறங்கும் என்பதே இருவரும் நின்ற தளம். சிங்களம் படிக்காதே என்று இதற்குப் பொருள் அல்ல. இருந்ததைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்காதே என்பதுதான் பொருள்.

இதில் அஸீஸுக்கு ஒரு வசதி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு வாக்காளர் கிடையாது. மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர் அல்ல. கொழும்பு மத்தியில் வாக்குக் கேட்க வேண்டியிருந்த ராசிக் பரீத்துக்கு இருந்த நெருக்கடி அவருக்கு இல்லை. நியமனம் தந்த கட்சியை விட்டு விலகிய பின்னும் அவர் செனட்டராகவே இருந்தார். நாட்டில் இரண்டாவது சபை ஒன்று இருந்ததன் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். கட்சிக் கூச்சலுக்குக் காது கொடுக்காமல் ஒருவர் எழுந்து பேசலாம். பயனின்மையும் அங்கேயே இருந்தது. பேசலாம், தடுக்க முடியாது.

அதிகாரம் கையில் இருந்தவர் எப்படி இயங்கினார் என்று பார்க்க நமக்குத் தூரம் போக வேண்டியதில்லை. கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்த கலாநிதி பதியுதீன் மஹ்மூத் 1960இல் கல்வி அமைச்சரானார். உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற 1960, 1961 சட்டங்கள் அவருடைய காலத்தவை. 1970இல் மீண்டும் அதே அமைச்சு. முஸ்லிம் பாடசாலைகளும் ஆசிரியர் நியமனங்களும் அவர் கையால் பெருகின. கண்டியில் அவர் பெயரில் மகளிர் கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் அவருடைய அமைச்சில்தான் வந்தது, அது தமிழ் மாணவர்களிடம் விட்டுச் சென்ற காயமும் அவருடைய பதிவேட்டில்தான் சேரும். அமைச்சருடைய நன்மை தீமை இரண்டையும் கண்ணால் காணலாம். செனட்டருடையதை ஹன்ஸாட்டில் தேட வேண்டும்.

அஸீஸின் மற்ற முன்னுரிமை கல்வி. அவர் அதைச் சட்டத்துக்காகக் காத்திருந்து செய்யவில்லை. 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகச் சென்றபோது அங்கு கண்ட வறுமையே அவரைத் திருப்பியது. அந்த வருடமே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம், 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம். 1948இல் சிவில் சேவையின் சுகபோகத்தை விட்டுவிட்டு ஸாஹிராவுக்குப் போனார். செனட்டுக்கு அவர் வந்த 1952, பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்த வருடம். நமது வீட்டு வாசலுக்குப் பல்கலைக்கழகம் வந்தது. உள்ளே போக வசதியில்லாத முஸ்லிம் பிள்ளைக்கு அந்த நிதியம் போன்றவைதான் கதவு.

சரி, 1956இல் தோற்ற அந்தப் பேச்சு என்னவாயிற்று? அஸீஸ் 1973இல் காலமானார். பதினான்கு வருடங்களின் பின், 1987இல், 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம், வடக்கு கிழக்குக்கு வெளியிலும் மொழிச் சிறுபான்மையினர் கணிசமாக வாழும் பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக ஜனாதிபதி பிரகடனப்படுத்த இடமளித்தது. தமிழில் கடிதம் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையும் அரசியலமைப்பில் இருக்கிறது. அஸீஸ் நின்ற இடத்துக்கு நாடு முப்பது வருடம் சுற்றி, ஒரு யுத்தத்துக்குள் நுழைந்த பிறகு வந்து சேர்ந்தது.

ஆனால் நாம் வந்து சேர்ந்தோமா? சில மாதங்களுக்கு முன் கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் படிவத்தைத் தமிழில் கேட்டேன். இல்லை என்றார்கள். அதைவிட என்னை உறுத்தியது, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற நம் சகோதரர் ஒருவர், "ஏன் நானா சும்மா பிரச்சினை, சிங்களத்திலேயே நிரப்பிவிடுங்கள்" என்றது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ், சிங்களப் பிள்ளைக்குச் சிங்களம் என்று கட்டாயமாக்கிய காலத்தில் முஸ்லிம்களுக்கு மட்டும், பறங்கியரைப் போல, கல்வி மொழியைத் தெரிவு செய்யும் சலுகை இருந்தது. அந்தத் தெரிவின் விளைவாக இன்று கண்டிப் பகுதியில் ஒரே வீட்டில் மூத்தவன் தமிழ் மொழிமூலம், இளையவள் சிங்கள மொழிமூலம். சிங்களத்தில் படித்த பிள்ளைகள் தொழிலிலும் அயலவருடனான உறவிலும் பெற்ற நன்மையை மறுக்க முடியாது. அவர்களில் பலருக்கு ஜும்ஆ பயான் பாதிதான் விளங்குகிறது என்பதையும் மறுக்க முடியாது.

2017 செப்டெம்பரில் வெளியான அரசியலமைப்பு வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை மீண்டும் ஓர் இரண்டாவது சபையை முன்மொழிந்தது. மொத்தம் 55 பேர், ஒவ்வொரு மாகாண சபையிலிருந்தும் ஐந்து பேராக 45, பாராளுமன்றம் தெரிவு செய்யும் 10. அது நடைமுறைக்கு வரவில்லை. மறுபடி பேச்சு எழும்போது கண்டி முஸ்லிம்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் நாம் சுமார் 14 சதவீதமாக இருந்தோம். மத்திய மாகாணத்துக்குக் கிடைக்கும் ஐந்து ஆசனங்களில் சிங்கள, மலையகத் தமிழ்ப் பிரதிநிதித்துவம் போக நமக்கு ஒன்று மிஞ்சுமா என்பது ஒரு கேள்வி. மிஞ்சினாலும், அங்கே போகிறவர் தன்னை அனுப்பிய கட்சி மொழி மாற்றிப் பேசும் நாளில் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை அவரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்கப் போகிறோமா, அல்லது வழக்கம்போல காபட் வீதியைப் பற்றி மட்டும் கேட்கப் போகிறோமா?