நீக்கிய பின்னும் நிற்கும் தொடக்கப் பட்டியல்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடு என்றொரு தெரு உண்டு. கால்நடைத் தொழில் அப்பகுதியை விட்டு அகன்று நெடுங்காலம் ஆயிற்று, பெயர் அகலவில்லை. அருகிலுள்ள ரேஸ் கோர்ஸ் ரோடும் அத்தகையதே. குதிரைப் பந்தயம் 1933ஆம் ஆண்டிலேயே ஃபேரர் பார்க் திடலை விட்டுப் புக்கித் தீமாவுக்குச் சென்றுவிட்டது. சாலை பழைய பெயரையே தாங்கி நிற்கின்றது. பொருள் மறைந்தாலும் அதனைச் சுட்டும் குறி தானே மறைவதில்லை. கணினியிலும் இந்நிலை நேர்வதுண்டு.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. பழைய கணினியைக் கைவிட மனமின்றி, விண்டோசுடன் லினக்சையும் நிறுவிப் பார்ப்பவர் உளர். பின்னர் வேண்டாமென்று லினக்ஸ் இருந்த வட்டுப் பிரிவை அழித்தவுடன் இடர் தொடங்குகின்றது. கணினியைத் திறந்தால் விண்டோஸ் வருவதில்லை; கருந்திரையில் 'கிரப்' என்னும் சொல் மட்டும் தோன்றி நிற்கின்றது. பாடக் குறிப்புகளும் வினாத்தாள்களும் அழிந்தனவோ என ஆசிரியர் அஞ்சுவது இயல்பு. அவை அழியவில்லை, அவற்றை அடையும் வழியே அடைபட்டுள்ளது.

இதன் காரணம் யாது? மின்பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோசும் அன்று, லினக்சும் அன்று. தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைநிரலே முதலில் விழிக்கின்றது. எதனை முதலில் தொடங்குவது என்னும் வரிசை அதனிடம் உண்டு. அவ்வரிசைப்படி, வட்டிலுள்ள ஈ.எஃப்.ஐ. என்னும் சிறு பிரிவிலிருந்து ஒரு தொடக்கியை அது அழைக்கின்றது. லினக்சின் தொடக்கியாகிய கிரப் இச்சிறு பிரிவில் இருக்கின்றது. அது காட்ட வேண்டிய பட்டியலோ பெரும்பாலும் லினக்சின் பிரிவில் இருக்கின்றது. பின்னதை அழித்தால் கிரப் எஞ்சும், பட்டியல் எஞ்சாது. எங்குச் செல்வதெனத் தெரியாமல் கிரப் நின்றுவிடுகின்றது.

இதற்குத் தீர்வு மூன்று படிகளில் அமையும். முதலாவது, காப்பு. வட்டு 'பிட்லாக்கர்' பூட்டுடையதாயின், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். தொடக்க வரிசை மாறும்போது கணினி அதனைக் கேட்கக்கூடும். இரண்டாவது, வழி திறத்தல். நிலைநிரலின் அமைப்புத் திரைக்குச் சென்று, 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதனை வரிசையின் தலைப்பில் வைத்தல் வேண்டும். அத்திரைக்குச் செல்லும் விசை கணினிக்குக் கணினி வேறுபடும். எஃப்2, எஃப்10, டிலீட் ஆகியவை பெருவழக்கு. மூன்றாவது, எச்சம் அகற்றல். விண்டோஸ் செவ்வனே தொடங்கிய பின், நிர்வாகி உரிமையுடன் ஆணைச் சாளரத்தைத் திறந்து, 'மவுண்ட்வால்' ஆணையால் ஈ.எஃப்.ஐ. பிரிவுக்கு ஓர் எழுத்தைத் தந்து, நீக்கிய லினக்சின் பெயருள்ள கோப்புறையை மட்டும் அழிக்கலாம். 'மைக்ரோசாஃப்ட்', 'பூட்' என்னும் கோப்புறைகளைத் தொடலாகாது. தொட்டால் விண்டோசும் தொடங்காமற் போகும்.

நீக்கியது மற்றொரு விண்டோசாயின் வேலை எளிது. அங்குப் பட்டியலைக் காட்டுவது விண்டோசின் தொடக்கியே. ஆதலின், 'எம்எஸ்கான்ஃபிக்' என்னும் கருவியில் 'பூட்' பகுதிக்குச் சென்று, இல்லாததன் பெயரை நீக்கினாற் போதும். ஈ.எஃப்.ஐ. முறைக்கு முற்பட்ட கணினிகளில் தொடக்கி வட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் தொடங்குகின்றது. அவற்றில் விண்டோஸ் நிறுவல் வட்டால் கணினியைத் திறந்து, 'பூட்ரெக்' ஆணையின் 'ஃபிக்ஸ்எம்பிஆர்' வகையால் அப்பகுதியைப் புதுப்பித்தல் வேண்டும்.

கணினி தொடங்கவில்லை என்பதற்காக வட்டு முழுவதையும் துடைத்துவிடுதல் பேரிழப்பாய் முடியும். லினக்சை இனித்தான் நீக்கப் போகின்றவர், முதலில் விண்டோசை வரிசையின் தலைப்பில் வைத்து, அது தனியே தொடங்குவதைச் சோதித்து, அதன் பின்னரே லினக்ஸ் பிரிவை அழித்தல் நன்று. அவ்வரிசையில் செய்தால் கருந்திரையைக் காணும் நிலையே எழாது.