முடிவில்லா நேர்க்கோடு

‘ஹாலோகாலோ’ சொற்களே இல்லாத ஒரு ஜெர்மன் ராக் பாடல். பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். டுசெல்டார்ஃப் நகரைச் சேர்ந்த ‘நொய்!’ என்ற இருவர் குழு 1972இல் வெளியிட்ட முதல் ஆல்பம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. ‘நொய்’ என்றால் ஜெர்மன் மொழியில் ‘புதியது’. விளம்பரங்களில் ஓயாமல் கண்ணில் படும் சொல். பாடலின் பெயர், ‘ஹலோ’வையும் கும்மாளத்தைக் குறிக்கும் ‘ஹாலிகாலி’ என்ற பேச்சுவழக்கையும் குழைத்துச் செய்தது.

டிரம்ஸ் வாசித்த கிளவுஸ் டிங்கரும் கிதார் வாசித்த மிக்கேல் ரோட்டரும் கிராஃப்ட்வெர்க் குழுவில் சிறிது காலம் இருந்துவிட்டு 1971இல் விலகியவர்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஹாம்பர்க் நகர ஸ்டுடியோ ஒன்றில், நான்கே இரவுகளில் மொத்த ஆல்பத்தையும் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவைக் கவனித்தவர் கோனி பிளாங்க். அவரை மூன்றாவது உறுப்பினர் என்றே சொல்லலாம்.

பாடலைக் கேட்கும்போது முதலில் மனத்தில் பதிவது தாளம். நான்கு எண்ணிக்கைத் தாளம்; இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் விழ, கால் டிரம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரிய முத்தாய்ப்பு எதுவும் கிடையாது. அதன் மேல், கம்பியை உள்ளங்கையால் அமுக்கி மீட்டிய கிதார் ஒன்று தாளத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு நீண்டு இழையும் கிதார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. சில இடங்களில் டேப்பைப் பின்னோக்கி ஓட்டியதால் ஒலி மெல்லத் திரண்டு வந்து சட்டென்று நின்றுவிடும். இத்தனையும் ஒரே ஆதார சுருதியின் மேல்தான்; பல்லவியும் இல்லை, உச்சக்கட்டமும் இல்லை.

பாடலின் பொருளே இந்த ‘இல்லை’களில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்த ஜெர்மன் இளைஞர்களுக்குப் பெற்றோர் தலைமுறையின் இனிப்பான மெல்லிசை ஒட்டவில்லை. அமெரிக்க ப்ளூஸும் ஆங்கிலேய ராக்கும் இரவல். இரண்டையும் விட்டுவிட்டு வெறுந்தரையிலிருந்து தொடங்க ரோட்டர் விரும்பினார். சிறுவனாகக் கராச்சியில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது காதில் விழுந்த, முடிவே இல்லாததுபோல் சுழலும் இசை தம்மை விட்டு நீங்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பாடலின் தாளத்துக்குப் பத்திரிகையாளர்கள் ‘மோட்டோரிக்’ என்று பெயர் வைத்தார்கள். டிங்கருக்கு அது பிடிக்கவில்லை. இயந்திரத்தை நினைவூட்டும் பெயர் அது. அவர் தம் தாளத்தை ‘முடிவில்லா நேர்க்கோடு’ என்றார். நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் வாழ்க்கையைத்தான் அதில் கண்டார். அவர் சொன்னதே சரி. கவனித்துக் கேட்டால் அடிகள் மிக நுட்பமாக அழுந்தியும் தளர்ந்தும் வருகின்றன. அது மனிதக் கையின் தாளம்.

பாடலின் செல்வாக்கு பரவியது இசைக்கலைஞர்கள் வழியாகத்தான். எழுபதுகளின் மூன்று பெரும் தாளங்களுள் ஒன்றாக டிங்கரின் தாளத்தை, ஃபெலா குட்டி, ஜேம்ஸ் பிரவுன் ஆகியோரின் தாளங்களோடு பிரையன் ஈனோ வைத்தார். டேவிட் போவி இக்குழுவின் ரசிகர். தொண்ணூறுகளில் ஸ்டீரியோலாப் குழு இந்த ஓட்டத்தையே தன் இசைக்கு அடித்தளமாக்கிக்கொண்டது. நெடுங்காலம் கடைகளில் முறையாகக் கிடைக்காதிருந்த நொய்! ஆல்பங்கள் 2001இல் மறுபதிப்பாயின.

டிங்கர் 2008இல் காலமானார். 2010இல் ரோட்டர், சோனிக் யூத் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஸ்டீவ் ஷெல்லியைச் சேர்த்துக்கொண்டு மேடையேறினார். அந்தப் புதுக் குழுவுக்கு இந்தப் பாடலின் பெயரையே வைத்தார்.