பாப்பாவுக்கு எதற்குக் கண்ணாடி?

கண்ணாடி தாத்தாவும் டீச்சரும் போடுவது என்று நினைக்கிறோம். கைக்குழந்தைக்கும் கண்ணாடி உண்டு, தெரியுமா?

சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே கண்புரை இருக்கும். ஆபரேஷன் செய்தபின் பலருக்குக் கெட்டியான கண்ணாடி வேண்டும். சிலருக்கு மாறுகண்ணுக்காகப் போடுவார்கள். பார்க்கப் பழகுவது மூளை. அது சின்ன வயதில்தான் நன்றாகப் பழகும். மங்கலாகவே பார்த்து வளர்ந்தால் 'சோம்பேறிக் கண்' ஆகிவிடும். பெரியவளானபின் கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வருவது கஷ்டம்.

பழக்குவது எப்படி?

1. விளையாடும்போது, சோறு ஊட்டும்போது மாட்டணும். தினமும் நேரத்தைக் கூட்டணும்.
2. மாட்டியதும் பாப்பாவுக்குப் பிடித்த பொம்மை, கோழிக்குஞ்சு எதையாவது காட்டணும்.
3. நழுவாமலிருக்க, தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டி போடலாம்.
4. பிடுங்கி எறிந்தால் அடிக்கக் கூடாது. சிரித்துக்கிட்டே திரும்ப மாட்டணும்.
5. எப்பவும் பிடுங்கினால் மூக்கிலோ காதிலோ அழுத்துதா என்று பார்த்து, டாக்டரிடம் காட்டணும்.

வைகை அணையிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். தேனியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது அது.

"பொம்பளப் புள்ளைக்குக் கண்ணாடியா? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று ஊரில் கேட்பார்கள். அதைக் கேட்டு அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தால் போவது பாப்பாவின் பார்வை! நாமும் 'சோடாபுட்டி' என்று சிரிக்க வேண்டாம். "பாப்பா, கண்ணாடி அழகா இருக்கு" என்று சொல்வோம்.


— 9-ஆம் வகுப்பு மாணவி