தொய்வுக்காரரும் நோக் குளிசையும்

தலையிடி, மூட்டு நோ என்றால் அயலில் ஒரு குளிசை கேட்டு வாங்கிப் போடுவது நம்மிடையே வழக்கம். வைத்தியசாலை தூரத்தில் இருக்கும்போது இது இயல்புதான். ஆனால் தொய்வு உள்ள சிலருக்கு அஸ்பிரின் போன்ற குளிசைகள் மூச்சையே அடைத்துவிடும். பிரெஞ்சு வைத்தியர் விடால் 1922 இலேயே இதனை எழுதிவைத்தார். தொய்வுள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர் இவ்வகையினர்.

இது ஏன் நிகழ்கிறது? மூக்கிலும் சுவாசக் குழாய்களிலும் மாஸ்ட் கலங்கள் என்னும் காவற்கலங்கள் உள்ளன. ஹிஸ்டமின், லியூக்கோட்ரையீன் முதலிய பொருட்களை இவை வெளிவிடும்போது குழாய் இறுகும், வீங்கும், சளி கட்டும்.

இக்கலங்களை அடக்கிவைக்கும் பொருள் ஒன்றும் உடலில் உண்டு. புரோஸ்டகிளாண்டின் ஈ2 என்பது அதன் பெயர். அதனை ஆக்குவதற்கு ஒரு நொதியம் வேண்டும். அஸ்பிரின் அந்த நொதியத்தைத் தடுக்கிறது என்பதை இங்கிலாந்து அறிஞர் ஜோன் வேன் 1971 இல் காட்டினார். நோ தணிவது அதனாற்றான். ஆனால் இவ்வகையினரில் அதே தடையால் காவலும் போய்விடுகிறது. மடையைக் காத்து நின்றவனை அனுப்பிவிட்டால் வெள்ளம் வரம்பை உடைத்துப் பாய்வது போல, மாஸ்ட் கலங்கள் லியூக்கோட்ரையீனைக் கொட்டுகின்றன.

லியூக்கோட்ரையீனை ஆக்குவது வேறொரு நொதியம். அதனைத் தடுக்கும் சைலியூட்டன் என்ற மருந்துக்கு 1996 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது தொய்வைத் தணிக்கிறது. ஆகவே எந்த நொதியம் தடுக்கப்படுகிறது என்பதிலேயே நன்மையும் தீமையும் தங்கியுள்ளன.

நாம் செய்யவேண்டியவை:

* தொய்வோ மூக்கினுள் சதை வளர்ச்சியோ இருந்தால், குளிசை வாங்குமுன் அதைச் சொல்லுங்கள்.
* இபுபுரூபன், டைக்குளோபெனக் ஆகியவையும் அஸ்பிரினின் இனமே. பரசிற்றமோல் உரிய அளவில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும்.
* குளிசை போட்டு அரை மணி முதல் மூன்று மணி நேரத்துள் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, மூச்சு இழுத்தால் பம்பைப் பாவித்து, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.
* ஒருமுறை இவ்வாறு நேர்ந்திருந்தால் குளிசையின் பெயரைக் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். இடம் மாறும்போது அக்கொப்பியையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.
* இருதய நோய்க்கு வைத்தியர் தந்த அஸ்பிரினை அவரைக் கேளாமல் நிறுத்தவேண்டாம்.

அயலவருக்குக் குளிசை கொடுப்பது நல்ல மனந்தான். கொடுக்குமுன் "உங்களுக்குத் தொய்வு இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.